சாள்ஸ் இறுக்கிய வைஸ்

யூஜீனியாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். ரத்தமும் சதையும் உள்ளவள் அல்ல, இரும்பில் வார்த்தவள். மேசை விளிம்பில் பூட்டிவைத்து, அராவ வேண்டிய துண்டை வாயில் கொடுத்துக் கைபிடியைத் திருகினால் கவ்விப் பிடித்துக்கொள்ளுமே, அந்த வைஸ்தான். கலியாணம் முடித்து வந்த கிழமையே யூஜீனியா அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டாள். புருசன் சாள்ஸ் விடிய எழும்பினால் முதலில் போய் நிற்பது அதனிடம். சோறு ஆறிப்போகும், கூப்பிட்டாலும் வரமாட்டான். "அவளிட்டையே சோத்தை வாங்கித் தின்னுங்கோ" என்று கோப்பையை மூடிவைத்துவிடுவாள்.

அது அவர்கள் மன்னார்க் கரையில் இருந்த காலம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரை விட்டு ஓட வேண்டி வந்தது. சாள்ஸ் தன் சின்ன வள்ளத்தில் யூஜீனியாவையும் கைக்கு அகப்பட்ட சாமான்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே கற்பிட்டிப் பக்கம் விட்டான். நடுக்கடலில் காற்று மாறி, வள்ளம் தண்ணீர் அள்ளத் தொடங்கிவிட்டது. பாரத்தைக் குறைத்தால்தான் உயிர் மிஞ்சும். நெல் மூட்டையைத் தள்ளினான். அம்மியைத் தள்ளினான். யூஜீனியாவுக்குத் தாய்வீட்டில் கொடுத்துவிட்ட வெண்கலப் பானையை, அவள் பிடித்த பிடியை விலக்கிவிட்டு, தூக்கிக் கடலில் போட்டான். வைஸை மட்டும் இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"அதைப் போடுங்கோவன்" என்றாள் யூஜீனியா.

"இது இல்லாட்டி, போய் இறங்கிற இடத்தில நான் ஆர்?" என்றான் சாள்ஸ்.

 பானையை மட்டும் அவள் மறக்கவில்லை. யேசு பிறந்த நத்தார்த் திருநாளுக்குப் பால்சோறு பொங்குகிற ஒவ்வொரு முறையும், அலுமினியச் சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டே, "என்ர பானை கிடந்திருந்தா இது பிடிச்சிருக்காது" என்று அவன் காதில் விழும்படி சொல்லுவாள். அவனும் வருடம் தவறாமல், "கடல்ல மீன் எல்லாம் உன்ர பானையிலதான் பொங்குதாம்" என்பான். அத்தோடு அந்தச் சண்டை முடியும்.

ஆலங்குடாவுக்குச் சற்று இப்பால், தென்னையும் மணலும் ஒரு சிறு கோயிலுமாகக் கிடந்த கரையில் குடியேறினார்கள். கத்தோலிக்க மீன்பிடிக்காரர் இருக்கிற இடம். பாஷையும் வேதமும் ஒன்றுதான் என்பதால் வந்தவர்களை யாரும் தள்ளிவைக்கவில்லை. சாள்ஸ் முதலில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டான். உடைந்த வள்ளமொன்றின் பலகையை எடுத்து மேசை அடித்து, வைஸை அதில் பூட்டினான். பிறகுதான் வீட்டுக்குச் சுவர் எழும்பியது. "புதுவீட்டுக் குடிபூரல் முதல் அவளுக்குத்தான் நடந்தது" என்று யூஜீனியா கிணற்றடியில் எல்லோரிடமும் சொன்னாள்.

வள்ளங்களின் எஞ்சின்கள் அவனைத் தேடி வரத் தொடங்கின. கடையில் இல்லாத உதிரிப்பாகம் என்றால் இரும்பை அராவி அவனே செய்துவிடுவான். அந்தச் சத்தம் அடுப்படி வரைக்கும் வரும். நீளமாக இரண்டு வீச்சு, கட்டையாக ஒன்று, பிறகு வாயால் ஊதித் தூளைப் பறக்கவிடுவான். நீளம், நீளம், கட்டை, ஒரு ஊதல். மகன் றொபி தொட்டிலில் கிடந்தபோது அந்தச் சத்தத்துக்குத்தான் கண்ணயர்ந்தான். சத்தம் நின்றுபோனால் யூஜீனியா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து கொட்டிலைப் பார்ப்பாள். யாராவது கேட்டால் கோழியைப் பார்க்க வந்தேன் என்பாள்.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம், கடல் பொங்குகிற ஆனி மாதம். அயல்வீட்டு இன்னாசிப்பிள்ளையின் எஞ்சினைத் திருத்தி முடித்திருந்தான் சாள்ஸ். பின்னேரம் வேறு ஏதோ ஒரு சிறு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிப் பாதி அராவிக்கொண்டிருந்தபோது, எஞ்சினை இன்னாசிப்பிள்ளையின் வள்ளத்தில் பூட்டி ஒருமுறை கடலில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவனுக்கு எண்ணம் வந்தது. அரத்தை மேசையில் வைத்தான். "ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன், தேத்தண்ணியை ஊத்தி வை" என்றான். துண்டு வைஸின் வாயில் அப்படியே இருந்தது. தேத்தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு பீரிசுத் தட்டை வைத்து மூடினாள் யூஜீனியா.

வள்ளம் மறுநாள் கடலுக்குள் பாறைகள் கிடக்கிற கற்பார்ப் பக்கம் கவிழ்ந்தபடி கிடைத்தது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. சாள்ஸ் கிடைக்கவில்லை. கடற்படைக்காரர் தேடினார்கள், கரையிலிருந்த வள்ளங்கள் எல்லாம் போய்த் தேடின. கடல் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பங்குச் சுவாமி நல்ல மனிதர். சேமக்காலையில், மற்றக் கல்லறைகளுக்குப் பக்கத்தில், ஓரிடம் ஒதுக்கி, பெயர் எழுதிய சிலுவை ஒன்று நாட்டித் தருகிறேன் என்றார். யூஜீனியா மாட்டேன் என்றுவிட்டாள். ஆள் இல்லாத குழிக்கு முன்னால் முழந்தாளிட்டு நிற்க அவளால் ஏலாதாம். சொன்னவர்கள் எல்லோரும் வாய் ஓய்ந்து போனார்கள்.

கார்த்திகை மாதம் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அன்று ஊரே சேமக்காலைக்குப் போகும். மணலை ஒதுக்கி, கல்லுக்கு வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். யூஜீனியா மெழுகுதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். அடியை உருக்கி, வைஸின் வாய்க்கு மேலே, அந்தப் பாதி அராவிய துண்டுக்கு நேரே ஒட்டிவைத்தாள். அந்த மனிதனின் கை கடைசியாக இறுக்கிய இறுக்கு இதிலேதான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை என்பது அவள் எண்ணம். மெழுகு உருகி இரும்பின் மேலே வழிந்து உறைந்தது. அடுத்த வருடம் அதன் மேல் இன்னொரு படை. அப்படியே வருடா வருடம்.

சனிக்கிழமைகளில் தலைக்கு முழுகியதும் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு போவாள். சாள்ஸ் சனிக்கிழமைகளில் வைஸுக்கு எண்ணெய் விடுவதை அவள் கண்டிருக்கிறாள். அவன் விட்டது எஞ்சின் எண்ணெய். அதன் நாற்றம் அவளுக்குப் பிடிக்காது. கோயில் விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயை விடவா அது நல்லது என்று நினைத்து, திருகின் மேல் தேங்காயெண்ணெயை ஊற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வருவாள். சக்களத்தி என்று அதைச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கையில் றொபி வளர்ந்து ஆளானான். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் வந்து பட்டம் கட்டிக் கடலில் சறுக்கி விளையாடுகிற ஹொட்டேல் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தான். காற்றுக் காலம் முடிந்தால் அங்கே வேலையும் முடிந்துவிடும். கையில் தகப்பனின் தொழில் கொஞ்சம் இருந்தது. கொட்டிலைத் திறந்து எஞ்சின் வேலை தொடங்கலாம் என்று யோசித்தான். அரம் இருந்தது, போல்ட் கழற்றுகிற சாவிகள் இருந்தன. வைஸ்தான் அசையவில்லை. ஒருநாள் தாய் பூசைக்குப் போன நேரம் கைபிடியில் குழாய் ஒன்றைச் செருகி நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்துவிட்டாள்.

"கையை எடு."

"அம்மா, நான் உடைக்கேல்ல. கழட்டித் துப்பரவாக்கினா..."

"கையை எடு எண்டு சொன்னன். வைஸ் வேணுமெண்டா வேற வாங்கு."

"இப்ப வாறதெல்லாம் வெறும் தகரம் அம்மா. ரெண்டு தரம் இறுக்கினா வாய் வெடிச்சுப் போகும். இது அப்பாட வைஸ், அந்தக் காலத்து வார்ப்பு."

"அப்பாட எண்டு தெரியுதெல்லோ. அப்ப விடு."

றொபி குழாயைக் கீழே வைத்தான்.  பிறகு, "இன்னாசிப்பிள்ளையண்ணை வள்ளத்துக்கு ஆள் தேடுறார். நான் கேட்டுப்போட்டன். திங்கட்கிழமை வரச் சொன்னவர்" என்றான்.

 அதே வள்ளம். சாள்ஸ் காணாமல் போன வருடமே யூஜீனியா றொபியைத் தலவில் அன்னம்மாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், மீன்பிடி வள்ளத்தில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அன்னம்மாளுக்குச் சொன்ன சொல்லு?"

"சத்தியம் சோறு போடுமே அம்மா? நான் கடலுக்குப் போகாமல் இருக்க வேணுமெண்டா வைஸைத் தாங்கோ. வைஸைத் தரேலாட்டிக் கடலுக்கு விடுங்கோ. ரெண்டையும் பிடிச்சு வைச்சுக்கொண்டா நான் என்னத்தைச் செய்யிறது?"

அவள் அன்று சமைக்கவில்லை. அடுத்த நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னாசிப்பிள்ளையின் மனைவி அனஸ்தாசியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் வாய்க்கு வேலி கிடையாது.

"ஏன்டி, உன்ர மனுசன் அந்த இரும்புக்குள்ளயே சுருண்டு படுத்திருக்கிறான்? போனவனைக் காவல் காக்கிறன் எண்டு இருக்கிறவனைக் கடலுக்கு விடப் போறாய்."

"உன்ர வள்ளம்தானே. நீ ஏத்தாதை."

"நான் ஏத்தாட்டி வேற ஒருத்தன் ஏத்துவான். பெடியன் கேட்டது சரிதான். உனக்குத்தான் தலை இரும்பு."

யூஜீனியா உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மகனுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மதுரங்குளிக்குக் கொண்டு போவம். அப்பாட கூட்டாளி, பட்டறைக்காரர் செய்னுலாப்தீன் நானாட்ட. ஆனா ஒண்டு. அதைத் திறக்கிறது நான்தான். நீ கை வைக்கப்படாது, நானாவும் வைக்கப்படாது."

மேசையோடு துருப்பிடித்திருந்த போல்ட்டுகளை றொபி அரிந்து எடுத்தான். வைஸ் தூக்கப்பட்ட இடத்தில் பலகை மட்டும் வெளிறிப்போய், துளைகளோடு கிடந்தது. யூஜீனியா ஒரு சாக்கை எடுத்து அதன் மேல் போட்டு மூடினாள்.

பஸ்ஸில் வைஸைக் கீழே வைக்க அவள் விடவில்லை. சாக்கில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டாள். பாலாவிச் சந்தியில் மாறி ஏறியபோது கொண்டக்டர் பார்த்தான்.

"சாக்குக்குள்ள என்னம்மா?"

"இரும்பு."

"இரும்புக்கும் டிக்கட் எடுக்க வேணும்."

"மடியில கிடக்கிற பிள்ளைக்கும் டிக்கட் கேப்பியோ தம்பி?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொண்டக்டரும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். யூஜீனியா சிரிக்கவில்லை. கால்கள் இரண்டும் விறைத்துப் போயிருந்தன. மன்னாரிலிருந்து ஓடி வந்த வள்ளத்தில் சாள்ஸ் இதை வைத்துக்கொண்டு இருந்த விதம் அவள் ஞாபகத்துக்கு வந்தது.

முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிறபடி நானா என்று எல்லோரும் கூப்பிடும் செய்னுலாப்தீனின் பட்டறை, மதுரங்குளிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே. இப்போது அவருக்குத் தாடி முழுக்க வெள்ளை. அவரும் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வெறுங்கையோடு அனுப்பப்பட்டவர். கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய நாட்களில்தான் சாள்ஸோடு பழக்கமானவர். சாக்கை விலக்கியதும் அவர் குடித்துக்கொண்டிருந்த பிளேன் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார்.

"இத எனக்குத் தெரியுமே தங்கச்சி. இதச் சாள்ஸ் தம்பி தோள்ல வெச்சு எறக்கினதக் கண்ணால கண்டவன் நான். என்ட பட்டறையத் தொறந்தபடியே வுட்டுட்டு வந்தன். கையில ஒரு சுத்தியல் கூட இல்ல. இவன் கடலுக்குள்ளால வைஸ் கொண்டு வாரான். அண்டைக்கு நான் மண்ணுல குந்தி அழுதன்."

"என்ர பானையைக் கடல்ல போட்டுட்டுத்தான் கொண்டு வந்தவர்" என்றாள் யூஜீனியா.

"அதையும் செல்லீக்கான். பொஞ்சாதி மன்னிக்கவே மாட்டா எண்டு."

அவர் வைஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகுக்குள் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டார். தேநீர் குடித்து, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தார். அசையவில்லை.

"சுத்தியலால ரெண்டு போட்டா..."

"அடிக்கப்படாது நானா."

"அடிக்காம எப்பிடி?"

"தெரியாது. அடிக்கப்படாது."

செய்னுலாப்தீன் றொபியைப் பார்த்தார். றொபி நிலத்தைப் பார்த்தான். கிழவர் தலையை ஆட்டிவிட்டு, காஸ் குழாயைக் கொளுத்தி, நீலத் தீயைத் திருகின் பக்கம் பிடித்தார். சற்று நேரத்தில் வைஸின் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ உருகி ஒழுகத் தொடங்கியது. எண்ணெயும் கரியும் மணக்கிற பட்டறைக்குள் கோயில் மணம் வந்தது.

"இது என்ன, மெழுகா?"

யூஜீனியா சொன்னாள். ஆத்துமாக்கள் திருநாளைச் சொன்னாள், குழி இல்லாததைச் சொன்னாள், வாய்க்கு மேலே திரி வைத்ததைச் சொன்னாள். செய்னுலாப்தீன் தீயை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"எங்கட ஆக்களும் கடல்ல மவுத்தானா இதே கதிதான்" என்றார். "துஆ கேக்கலாம். போய் நிக்கிறதுக்கு ஒரு கபுறு இல்லை."

மீண்டும் தீயைப் பிடித்தார். திருகிலிருந்து கறுப்பாகப் பாகு போல ஒன்று கசிந்தது. கம்பி நுனியால் அதைத் தொட்டு, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"இதுல என்னத்த ஊத்தின நீங்க?"

"தேங்காயெண்ணெய். சனிக்கிழமையில."

"அதான் பாத்தன். காஞ்சு பிசினாப் போய், கடல் மணலையும் இழுத்து வெச்சு இறுகீக்கி. மெழுகு பட்ட வாய்க்கு ஒண்டும் இல்லை, துரு ஒரு பொட்டும் ஏறல்ல. இந்த எண்ணைதான் புடிச்சீக்கி."

யூஜீனியா தன் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைத்த கை அது.

"அப்ப, இத்தனை வருசமும் இதை இறுக்கி வைச்சிருந்தது அந்த மனுசன் இல்லையா?" என்று கடைசியில் கேட்டாள்.

 செய்னுலாப்தீன் குழாயைக் கொளுவியில் மாட்டினார். கையைத் துணியில் துடைத்தார். "வாய்ல இரிக்கிற இறுக்கு அவன்டதான் தங்கச்சி. திருகுல இரிக்கிறது உங்கட" என்றார். பிறகு, "இப்ப ஏலும். சூடு ஆறுறத்துக்கு முன்னாடி" என்று துணியை அவளிடம் நீட்டினார்.

அவள் துணியைச் சுற்றிக் கைபிடியைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூடத் திருகியதில்லை.

"எந்தப் பக்கம்?"

"எடத்துப் பக்கம்."

நெம்பினாள். அசையவில்லை. காலை ஊன்றி மறுபடியும் நெம்பினாள்.  றொபி ஓரடி முன்னால் வந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பாரத்தையும் போட்டாள். உள்ளே ஏதோ முறிந்தது போல ஒரு சத்தம். கைபிடி கால்வாசி திரும்பியது.

அத்தோடு நிறுத்திவிட்டாள். போய்விட்டது. சாள்ஸ் இறுக்கியது அவிழ்ந்துவிட்டது. இனி எத்தனை இறுக்கினாலும் அது வேறு இறுக்கு. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வெளியே பெருந்தெருவில் லொறி ஒன்று போகிற சத்தம் கேட்டு அடங்கியது. அதன் பிறகுதான் மிச்சத்தையும் திருகினாள்.

இரும்புத் துண்டு உடனே விழவில்லை. ஒரு பக்கத்து வாயில் மெழுகோடு ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு நழுவியது. அவள் மறுகையை ஏந்திப் பிடித்தாள். சூடாக இருந்தது. அது காஸ் தீயின் சூடு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளங்கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

விரித்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் கரடுமுரடாக, மறுபக்கம் பளபளப்பாக இருந்தது. மெழுகு காத்த பக்கத்தில் அரம் ஓடிய கீறல்கள் நேற்று இழுத்தவை போல இருந்தன.

"இது என்ன நானா? என்ன செய்து கொண்டிருந்தவர்?"

செய்னுலாப்தீன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆப்பா இரிக்கலாம். எஞ்சின் தாங்கியா இரிக்கலாம். கதவுக் கொண்டியாவும் இரிக்கலாம். பாதியில நிக்கிறதால செல்ல ஏலாது."

றொபியிடம் கொடுத்தாள். அவனுக்கும் தெரியவில்லை. திறந்தால் தெரியும் என்று இவ்வளவு காலமும் அவள் நினைத்திருந்தாள். என்ன வேலை, யாருக்கு, முடித்திருந்தால் எங்கே பூட்டியிருப்பான், எல்லாம் தெரியும் என்று. அவளிடம் திரும்பி வந்தது ஒரு விரல் அளவு இரும்பு. அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து றொபி வைஸைக் கழற்றினான். டீசலில் ஊறப்போட ஏனம் கேட்டான். யூஜீனியா பால்சோறு பொங்கும் அலுமினியச் சட்டியைக் கொடுத்தாள்.

"இதையா? நத்தாருக்கு என்ன செய்வீங்கள்?"

"அண்டைக்குப் பானை போச்சு, இண்டைக்குச் சட்டி. இதுக்குக் குடுத்தே பழகிப்போச்சு."

கம்பி பிரஸ்ஸால் தேய்த்தான். பிசினைச் சுரண்டினான். திருகின் ஒவ்வொரு வரியாகத் துணி நூலை ஓட்டித் துடைத்தான். துருவுக்குக் கீழே பழைய நீல நிறம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலத்தை வாங்கிவந்து பூசினான். கிறீஸ் வைத்துப் பூட்டியபோது கைபிடி ஒரு விரலுக்குச் சுழன்றது. புதிய போல்ட்டுகளால் மேசையில் இறுக்கிவிட்டுத் தாயைக் கூப்பிட்டான்.

"முதல் நீங்கள் ஒருக்கா இறுக்குங்கோ அம்மா."

"நான் இறுக்கினது காணும்" என்றாள் அவள்.

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தத் துண்டைத் தாங்கோ. நான் அராவி முடிச்சு ஏதாவது செய்து தாறன்" என்றான்.

"வேண்டாம். அவர் விட்ட இடத்தில அது நிக்கட்டும்."

மறுநாள் அவள் பங்குச் சுவாமியிடம் போய், தலைப்பு முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"சுவாமி, முந்தி ஒரு இடம் தாறன் எண்டனீங்கள். இப்ப தாங்கோ."

சுவாமி இரும்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் சொன்ன நேரம் மாட்டன் எண்டீர்."

"அப்ப உள்ளுக்கு வைக்க ஒண்டும் இருக்கேல்ல. இப்ப இது இருக்கு. இதில ஒரு பக்கம் அந்த மனுசன்ர கைபட்டது."

"இரும்புக்கு எப்பிடியம்மா நான் அடக்கச் செபம் சொல்லுறது?"

"இரும்புக்குச் சொல்ல வேண்டாம். சாள்ஸுக்குச் சொல்லுங்கோ. கேக்கிற இடத்தில அவர் கேப்பார்."

சுவாமி நாட்காட்டியை எடுத்து, ஆத்துமாக்கள் திருநாளைக் காட்டினார்.

ஆத்துமாக்கள் திருநாள் விடிய, இன்னாசிப்பிள்ளை தானே வந்து சேமக்காலை ஓரத்தில் குழி வெட்டினான். ஒரு கையளவுப் பொருளுக்கு முழங்கையளவு குழி போதும். அவனோ இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டினான். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சாள்ஸ் போனது அவனுடைய வள்ளத்தில். அனஸ்தாசியா அன்று ஒரு சொல்லும் பேசாமல் யூஜீனியாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள்.

துண்டை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தாள் யூஜீனியா. குனிந்து வைக்கப் போனவள், துணியை அவிழ்த்து, அராவிய பக்கத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினாள். திரும்பவும் சுற்றி வைத்தாள். சுவாமி செபம் சொன்னார். ஆளாளுக்கு ஒரு பிடி மணல் போட்டார்கள். செய்னுலாப்தீன் மதுரங்குளியிலிருந்து வந்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். யூஜீனியா, "வாங்கோ நானா" என்று கூப்பிட்டதும் உள்ளே வந்து, தங்கள் வழக்கப்படி மூன்று கை மண் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

குழியை மூடி, சாள்ஸ் என்று எழுதிய சிலுவையை நாட்டியபோதுதான் அவள் அழுதாள். கவிழ்ந்த வள்ளத்தைக் கரைக்கு இழுத்து வந்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. அன்றைக்குத் தேத்தண்ணீர் மூடி வைத்திருந்தாள், வருவான் என்று. இன்றைக்கு மூடி வைக்க ஒன்றும் இல்லை. மெழுகுதிரியைக் கொளுத்தினாள். கடற்காற்று அணைத்துவிட்டது. பக்கத்துக் குழியின் திரியிலிருந்து நெருப்பு எடுத்து மறுபடி கொளுத்தி, அது எரிந்து முடியும் வரைக்கும் கையால் மறைத்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது றொபி முன்னாலேயே வந்து கொட்டிலில் நின்றான். யாரோ ஒரு எஞ்சினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முதல் வேலை, திருநாள் என்று திருப்பி அனுப்ப ஏலாது. யூஜீனியா அடுப்பு மூட்டிச் சோறு வடித்தாள். அப்போது அரத்தின் சத்தம் கேட்டது.

கையில் அகப்பையோடு நின்றுவிட்டாள். நீளமாக ஒன்று. நீளமாக இன்னொன்று. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூன்றாவதும் நீளமாகவே வந்தது. நாலாவதும் நீளம். ஊதல் இல்லை. தூளைக் கையால் தட்டிவிடுகிறான் போலிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள். கட்டையான அந்த ஒன்று வரவே இல்லை.

சோற்றைக் கோப்பையில் போட்டு, குழம்பை ஊற்றி, வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "வாறன் அம்மா" என்றான் றொபி. வரவில்லை. அரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறையும் கூப்பிட்டாள்.

"அவளிட்டையே சோத்தை வாங்கித் தின்" என்றாள் பிறகு, மெல்லமாக, அவனுக்குக் கேட்காதபடி. பீரிசை எடுத்துக் கோப்பையை மூடினாள்.